அஞ்சி மகிழ்தல்: கேளிக்கைப் பூங்காவில் ஹாலோவீன் இரவும் குழந்தைகளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மெய்ப்பாடு எட்டனுள் நகைக்கும் உவகைக்கும் கவிஞர்கள் எளிதில் இடம் தருகின்றனர். அழுகைக்கும் வெகுளிக்கும் குறைவில்லை. ஆனால் குழந்தைப் பாடல் என்று வந்துவிட்டால் அச்சம் மட்டும் வாயிலிலேயே நிறுத்தப்படுகிறது. குழந்தை அஞ்சக் கூடாது. ஆகவே குழந்தைக்குரிய பாட்டிலும் கதையிலும் அச்சம் வரக் கூடாது என்பது பலரும் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட முடிவு. இம்முடிவைச் சற்றே அசைத்துப் பார்க்கக் கடல் கடந்த நாடொன்றின் வழக்கம் துணைசெய்யும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் பெற்றோர் தம் குழந்தைகளைக் கேளிக்கைப் பூங்காக்களுக்கு அழைத்துச் செல்கின்றனர். பேயும் எலும்புக்கூடும் உலவும் இரவில், அஞ்சுவதற்கென்றே அழைத்துச் செல்கின்றனர். அதற்குக் கட்டணமும் செலுத்துகின்றனர். இது அறியாமையா, வணிகமா, அன்றி அறிந்து செய்யும் ஒரு பயிற்சியா என்பதே இவ்வுரையின் வினா.

விழாவும் அதன் விளக்கும்

ஹாலோவீன் அக்டோபர் 31ஆம் நாளுக்குரியது. மறுநாள் கிறித்தவத் திருச்சபையின் அனைத்துப் புனிதர் திருநாள். அதன் முன்மாலை என்னும் பொருளுடைய தொடரே தேய்ந்து ஹாலோவீன் ஆயிற்று. அயர்லாந்திலும் இசுகாட்லாந்திலும் கேலிக் மக்கள் குளிர்காலத் தொடக்கத்தில் கொண்டாடிய 'சவின்' என்னும் பழைய விழாவின் கூறுகள் இதனுள் கலந்துள்ளன. இருப்போர் உலகிற்கும் இறந்தோர் உலகிற்கும் இடையிலுள்ள திரை அன்று மெலிகிறது என்பது அம்மக்களின் நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்தினர் பெருந்திரளாக அமெரிக்காவில் குடியேறியபோது விழாவும் உடன் சென்றது.

தாயகத்தில் அவர்கள் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தனர். புதிய நாட்டில் அதனினும் பெரிய காய் கிடைத்தது. அது பரங்கிக்காய். அமெரிக்க மண்ணுக்கே உரிய அக்காயைத் தமிழர் 'பரங்கி' என்ற அடைமொழியால் இன்றும் அயலாருடையதாகவே சுட்டுகின்றனர். அஞ்சத்தக்க முகத்தை வாயிலில் வைத்துத் தீயதை விலக்குவது தமிழர்க்கும் புதிதன்று. கட்டி முடியாத வீட்டின்முன் கோரைப்பல்லும் முறுக்கிய மீசையுமாக வரையப்பெற்றுத் தொங்கும் திருஷ்டிப் பூசணியைக் காணாத தெரு இல்லை. இரண்டிடத்தும் அச்சமே காவல் ஆகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. திருஷ்டிப் பூசணியைப் பெரியவர்கள் கட்டுவார்கள். குழந்தை நிமிர்ந்து பார்க்கும். பரங்கிக்காயைச் செதுக்கும்போது குழந்தையும் உடன் அமர்ந்து விதையைத் தோண்டி எடுக்கும். கண் எங்கே, பல் எத்தனை என்று முடிவு செய்வதும் பெரும்பாலும் அதுவே. தன் கையால் செய்த முகத்தைக் கண்டு அஞ்சுவது எளிதன்று.

தெருவிலிருந்து பூங்காவிற்கு

வேடமணிந்த சிறுவர் வீடுவீடாகச் சென்று இனிப்புக் கேட்கும் வழக்கம் 1930களில் அந்நாட்டில் பரவத் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைபெற்றது. முன்பின் அறியாதவர் வீட்டுக் கதவையும் குழந்தை தட்டலாம். அவரும் கைநிறையத் தருவார். அச்சத்தின் பெயரால் நிகழும் அவ்விழாவின் உள்ளீடு, அயலாரை நம்புதல் என்னும் பெரும் பண்பு. ஆயின் 1970களில் அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. இனிப்பில் நஞ்சு கலந்திருக்கிறதாம், ஆப்பிளில் சவரத் தகடு இருக்கிறதாம் என்னும் வதந்திகள் பரவின. 1982இல் சிக்காகோப் பகுதியில் வலி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்ததனால் எழுவர் இறக்க, அச்சம் மேலும் பெருகிற்று. சமூகவியலறிஞர் சோயல் பெசுட் செய்தித்தாள்களைத் துருவி ஆராய்ந்து, 1985இல் தம் முடிவை வெளியிட்டார். அயலார் ஒருவர் தந்த ஹாலோவீன் இனிப்பால் குழந்தை இறந்ததாக உறுதிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றையும் அவரால் காண இயலவில்லை. இருப்பினும் வதந்தியே வென்றது. பேரங்காடி, பூங்கா போன்ற மதில்சூழ் இடங்களில் இனிப்புப் பெறுவதைப் பெற்றோர் நாடியதற்கு இதுவும் ஒரு காரணம். பேய்க்கு அஞ்சாத பெரியவர்கள் அண்டை வீட்டாருக்கு அஞ்சினர் என்பது எண்ணத்தக்கது.

பூங்காக்கள் இதற்கு முன்பே ஹாலோவீனை வரவேற்றிருந்தன. கலிபோர்னியாவில் புயனா பார்க் என்னும் ஊரில் நாட்ஸ் பெர்ரி பண்ணை உள்ளது. பழம் விற்ற உழவர் குடும்பம் 1934இல் கோழிக்கறி விருந்தகம் தொடங்கியது. உணவுக்குக் காத்திருப்போர் பொழுதுபோக்கவென 1940இல் பழைய சுரங்க ஊரின் தோற்றத்தில் ஒரு தெருவைக் கட்டத் தொடங்க, அதுவே நாளடைவில் பூங்காவாயிற்று. 1973இல் அத்தெருவில் மூன்று இரவுகள் பேய் வேடத்தினரை உலவவிட்டனர். பின்னர்ப் பல பூங்காக்கள் மேற்கொண்ட வழக்கத்திற்கு அது முன்னோடி. புளோரிடாவின் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்கா 1991இல் தன் திகில் இரவுகளைத் தொடங்கியது. அதனருகிலுள்ள டிசுனி பூங்கா 1995இல் 'மிக்கியின் அவ்வளவாக அச்சுறுத்தாத ஹாலோவீன் விருந்து' என்று பெயரிட்டு, சிறு குழந்தைகளுக்கென்றே ஓர் இரவை நடத்தியது. 'அவ்வளவாக அச்சுறுத்தாத' என்னும் அடைமொழி கருதத்தக்கது. அச்சமே இல்லை என்று அது சொல்லவில்லை. அளவோடு உண்டு என்கிறது.

ஓர் இரவின் நடப்பு

நான்கு வயதுச் சிறுமியும் ஒன்பது வயதுச் சிறுவனுமாக இரு குழந்தைகளுடன் இத்தகைய விருந்துக்குச் செல்லும் பெற்றோரைக் கருதிக்கொள்வோம். பொழுது சாய்ந்திருக்கிறது. வாயிலில் ஆரஞ்சு நிற விளக்குகள். சிறுமி வண்ணத்துப்பூச்சி, சிறுவன் எலும்புக்கூடு. பதினான்கு வயதும் அதற்கு மேலும் ஆனோர் முகமூடி அணிதல் கூடாது என்பது விதி. குழந்தைகள் முகத்தை மறைக்கலாம். வளர்ந்தோர் காட்டியாக வேண்டும். யுனிவர்சலிலும் நாட்ஸ் பண்ணையிலும் நிகழும் கடுந்திகில் இரவுகளிலோ வருவோர் எவரும் வேடம் புனையலாகாது. அங்கு அச்சுறுத்தும் உரிமை ஊதியம் பெறும் நடிகருக்கே உண்டு. பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர்க்கு அவை ஏற்றவையல்ல என்று அப்பூங்காக்களே அறிவிக்கின்றன. இவ்விருவகை இரவுகளையும் ஒன்றெனக் கருதி மயங்குவதே பெற்றோர் பலர் செய்யும் பிழை.

பூங்காவின் பல மூலைகளில் இனிப்பு வழங்கும் இடங்கள் உள்ளன. பையை விரித்து நிற்கும் எலும்புக்கூட்டுக்கு மிட்டாய் விழுகிறது. நிலக்கடலை முதலியவை ஒவ்வாத குழந்தைக்கு, நீலப்பச்சை நிறம் அடையாளமாக அமைந்த இடத்தில் மாற்றுப் பொருள் கிடைக்கும். ஒவ்வாமையுடைய குழந்தைகளுக்காக 2014இல் அந்நாடு முழுதும் பரப்பப்பெற்ற நீலப்பச்சைப் பரங்கி இயக்கத்தின் நிறம் அது. ஊர்வலம் தொடங்குமுன் தெருவிளக்குகள் தணிகின்றன. குளம்பொலி கேட்கிறது. தலையற்ற குதிரைவீரன் ஒருவன், ஒளிரும் பரங்கிக்காயைக் கையில் ஏந்தி விரைந்து கடக்கிறான். வாசிங்டன் இர்விங் 1820இல் வெளியிட்ட கதையிலிருந்து இறங்கி வந்தவன் அவன். சிறுவன் முன்வரிசைக்கு நகர்கிறான். சிறுமி தாயின் தோளில் முகம் புதைக்கிறாள். பிறகு ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள்.

அந்த ஒற்றைக் கண்ணே இப்பொருளின் மையம் எனலாம். அஞ்சுதலும் காண விழைதலும் ஒருங்கே நிகழும் நிலை அது. முழுதும் அஞ்சியவள் கண்ணைத் திறந்திருக்க மாட்டாள். அஞ்சாதவள் புதைத்திருக்க மாட்டாள்.

பேய்மாளிகையில் நகை

டிசுனி பூங்காக்களிலுள்ள பேய்மாளிகை முதன்முதலாகக் கலிபோர்னியாவில் 1969 ஆகசுட்டில் திறக்கப்பெற்றது. அதனை வடித்த கலைஞரிடையே ஒரு கருத்து வேறுபாடு இருந்தது. கிளாடு கோட்ஸ் அச்சந்தரும் சூழலை விரும்பினார். மார்க் டேவிசு நகைச்சுவையை விரும்பினார். இருவர் கருத்தும் இடம்பெற்றன. முற்பகுதியில் முடிவற்ற நடைக்கூடம், தானே அசையும் கதவு, இருள். பிற்பகுதியில் இடுகாட்டுப் பேய்கள் கூடிப் பாடிக் களிக்கும் கூத்து. நடுவில் விருந்து மண்டபத்தில் ஆவிகள் ஊடுருவித் தெரியும்படி ஆடுகின்றன. 1862இல் இலண்டனில் பெப்பர் என்பார் மேடையில் காட்டிய கண்ணாடி உத்தியே அது. மறைவிடத்திலுள்ள ஒளியூட்டிய உருவம் சாய்ந்த கண்ணாடியில் எதிரொளித்து, மேடையில் மிதப்பதுபோல் தோன்றும். இறுதியில் வண்டி ஒரு கண்ணாடியைக் கடக்கும்போது, அமர்ந்திருப்போரின் பக்கத்திலேயே ஒரு பேய் இருப்பது தெரிகிறது. குழந்தைகள் நகைத்துக்கொண்டே வெளிவருகின்றனர்.

அச்சத்தில் தொடங்கி நகையில் முடியும் இவ்வமைப்பைத் தமிழ்க் கவிஞர்க்கு விளக்க வேண்டுவதில்லை. கலிங்கத்துப் பரணியில் சயங்கொண்டார் படைத்த பேய்கள் பசியால் வாடுகின்றன, ஒன்றையொன்று ஏசுகின்றன, களத்தில் கூழ் அடுகின்றன. போர்க்களத்தின் கொடுமையும் நகையும் ஒரே கலத்தில் வேகின்றன. பேயைக் கண்டு நகைக்கும் ஆற்றலைத் தமிழ் இலக்கியம் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பெற்றிருந்தது. அது குழந்தைக்கு வந்து சேரவில்லை.

அளவும் அகவையும்

எவ்வளவு அச்சம் இன்பமாகும்? தென்மார்க்கு நாட்டின் ஆர்ஃகசு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திகில் மாளிகை ஒன்றுக்கு வந்த 110 பேரின் நெஞ்சத் துடிப்பைக் கருவிகொண்டு அளந்து, 2020இல் முடிவை வெளியிட்டனர். அச்சம் மிகக் குறைந்தாலும் இன்பம் இல்லை. மிக மிகுந்தாலும் இல்லை. இடைப்பட்ட அளவிலேயே அது உச்சம் எய்துகிறது. உப்பின் இயல்பும் இதுவே.

அகவைக்கேற்ப அந்த அளவு மாறும். இதற்கு 1969இல் வெளிவந்த இரீட்டா தெவிரீசின் ஆய்வு நல்ல சான்று. மேனார்டு என்னும் பூனையை மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடம் காட்டிப் பழகவிட்டு, பின்னர் அதன் முகத்தில் நாயின் முகமூடியைப் பொருத்தினார். மூன்று வயதினர் பலர் அது நாயாகவே மாறிவிட்டது என்று கொண்டனர். ஆறு வயதினர் அது பூனையே என்பதில் தெளிவாக இருந்தனர். ஆகவே மிகச் சிறு குழந்தைக்கு முகமூடி என்பது மறைப்பு அன்று, மாற்றம். தந்தையே பேய்முகம் அணிந்தாலும் தந்தை போய்விட்டார், பேய் வந்துவிட்டது என்றே அது கலங்கும். "அது பொய்தானே, எதற்கு அழுகிறாய்?" என்று அதனிடம் கேட்பது பயனற்றது. பொய்யென்று அறிந்த பின்னரே அச்சம் விளையாட்டாகும்.

நான்காம் அச்சம்

தொல்காப்பியர் அச்சம் பிறக்குமிடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைச் சுட்டுகிறார். பூங்காவில் முதல் மூன்றும் வேடமணிந்து வருகின்றன. ஆவி அணங்கு, ஊளையிடும் ஓநாய் விலங்கு, கடற்கொள்ளையர் கள்வர். நான்காவதாகிய இறைக்கு மட்டும் அங்கே வேடம் இல்லை. இறை என்பதை அரசன் என்ற அளவில் நிறுத்தாது, ஒருவர்மேல் அதிகாரமுடையோர் என விரித்துக்கொண்டால், அது குழந்தையின் கையைப் பற்றியிருக்கும் பெற்றோரே.

"வேண்டாம் அப்பா" என்று குழந்தை பேய்மாளிகையின் வாயிலில் நின்றுவிடுகிறது. "இவ்வளவு பணம் கொடுத்து வந்திருக்கிறோம்; கோழையா நீ?" என்று தந்தை இழுத்துச் சென்றால், அக்குழந்தை பேய்க்கு அஞ்சுவது நின்று இறைக்கு அஞ்சத் தொடங்குகிறது. விளையாட்டு அவ்விடத்தில் முடிந்தது. "சரி, போதும்; வெளியிலே நிற்போம்" என்று தந்தை திரும்பினால், தன் சொல்லுக்கு அச்சத்தை நிறுத்தும் வலிமை உண்டு என்று குழந்தை அறிகிறது. அடுத்த ஆண்டு அதுவே வாயிலைக் கடக்கக் கூடும், கடவாமலும் போகலாம். வெளியேறும் வழியுள்ள அச்சமே ஆட்டம், வழியற்றது துன்பம்.

இது உருவகம் மட்டுமன்று. 1984 மே மாதத்தில் நியூசெர்சி மாநிலப் பூங்கா ஒன்றின் பேய்க்கோட்டையில் தீப்பற்றி, இளையோர் எண்மர் மாண்டனர். வழிதெரியாமை அங்கு விளையாட்டாகவே அமைக்கப்பெற்றிருந்தது. அதன் பின்னரே இத்தகைய கட்டடங்களுக்குத் தானியங்கித் தீயணைப்பு நீர்த்தெளிப்பான் முதலியவற்றை வற்புறுத்தும் விதிகள் கடுமையாயின. போலி அச்சத்தைச் சமைப்போர் மெய்யச்சத்திற்கு இடமில்லாமல் காத்தாக வேண்டும் என்பதற்கு எண்மரின் உயிர் விலையாயிற்று.

எவரைப் பேயாக்குவது?

இவ்விழாக்களில் குறையில்லை என்பதன்று. அக்டோபர் மாத இறுதியில் ஒரு மாலை நிகழ்ந்த விழா அண்மை ஆண்டுகளில் ஆகசுட்டிலேயே தொடங்கித் தனிக்கட்டணத்துடன் பல இரவுகள் நீள்கிறது. ஒரு காலத்தில் அண்டை வீட்டார் விலையின்றித் தந்த மிட்டாய் இன்று நுழைவுச்சீட்டு வாங்கியோர்க்கே கிடைக்கிறது.

இதனினும் பெரிய குறை வேறொன்று. 2016இல் நாட்ஸ் பெர்ரி பண்ணையின் திகில் இரவுகளில் மனநல மருத்துவமனையைக் களமாகக் கொண்ட காட்சி ஒன்று வைக்கப்பெற்றது. மனநோயுற்றோரை அவர்தம் இசைவின்றி 72 மணிநேரம் வரை மருத்துவமனையில் வைக்க இடந்தரும் கலிபோர்னியச் சட்டப்பிரிவின் எண் 5150 அதன் பெயரிலேயே இடம்பெற்றது. மனநலம் குன்றியோரின் குடும்பத்தாரும் ஆர்வலர்களும் எதிர்த்தனர். முதலில் எண்ணும், பின்னர்க் காட்சியும் நீக்கப்பெற்றன. எலும்புக்கூட்டைக் கண்டு நகைத்தால் எவர்க்கும் தீங்கில்லை. நோயுற்ற மனிதனைப் பேயாகக் காட்டினால், மறுநாள் தெருவில் அவனைக் காணும் கண் மாறிவிடுகிறது.

தமிழகத்தில் குழந்தைக்குச் சோறூட்டும் நேரத்தில் வந்து நிற்பவன் பூச்சாண்டி. மேனியெங்கும் நீறு பூசிய ஆண்டி என்பதே அச்சொல்லின் பிறப்பு என்பார் உளர். அவனுக்குத் துணையாகக் குடுகுடுப்பைக்காரரும் பிள்ளை பிடிப்பவரும் அழைக்கப்படுகின்றனர். பூச்சாண்டி கற்பனை, குடுகுடுப்பைக்காரர் ஊர் ஊராக அலைந்து பிழைக்கும் மெய்யான மனிதர். "உண்ணாவிட்டால் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்னும் தாயின் சொல்லில் அச்சம் ஆட்டமாக வரவில்லை, ஆணையாக வருகிறது. அதற்கு வெளியேறும் வழியும் இல்லை. முகமூடியைக் கழற்றிக் காட்ட எவரும் இல்லை.

பாரதியார் பேய்க்கு அஞ்சிச் சாகும் மக்களை எண்ணி நெஞ்சு பொறாது பாடினார். பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் 1961இல் வெளிவந்த 'அரசிளங்குமரி' படத்திற்கெழுதிய பாட்டில், மரத்தில் பேய் இருப்பதாகச் சொல்வோரை நம்பாதே என்று சிறுவனுக்கு அறிவுறுத்தினார். இருவரும் செய்தது பெரும்பணி. ஆயினும் 'நம்பாதே' என்னும் அறிவுரை வளர்ந்த மனத்திற்கு மருந்து. இருட்டில் தனியே ஒன்றுக்குப் போக அஞ்சும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அறிவுரையோடு ஆட்டமும் வேண்டும்.

ஆட்டமாகக் கழியாத அச்சம் எங்கே போகிறது? 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு உறவினரோடு வந்த முதிய பெண்மணி ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாகக் கைப்பேசிகளில் வதந்தி பரவியிருந்த காலம் அது. திரண்ட கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அடித்தோர் குழந்தைகள் அல்லர், வளர்ந்தோர். வதந்தியும் வெகுளியும் கூடிய கொலைக்குத் தாலாட்டு மொழியின்மேல் மட்டும் பழி சுமத்துவது பொருந்தாது. ஆனால் 'பிள்ளை பிடிப்பவர்' என்னும் உருவம் அவர்தம் மனத்தில் முன்பே குடியிருந்தது என்பதை மறுத்தற்கில்லை. அயலார் தரும் இனிப்பை அஞ்சிய அமெரிக்கப் பெற்றோர் மதிலுக்குள் சென்றனர். இங்கோ ஒரு முதியவர் உயிரிழந்தார்.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

ஹாலோவீனைத் தமிழகத்திற்கு இறக்குமதி செய்க என்பது இவ்வுரையின் கருத்தன்று. அவ்விழா அதன் மண்ணுக்குரியது. அதன் குளிருக்கும் அதன் பரங்கிக்காய்க்கும் உரியது. அங்கு அழைத்துச் செல்லப்படும் குழந்தை பெறுவது எது என்பதையே நோக்க வேண்டும். அது பேயின் வேடத்தைத் தானே அணிகிறது. பெரியவர் கையைப் பற்றிக்கொண்டு அஞ்சுகிறது. போதும் என்று சொல்லக் கற்கிறது. இறுதியில் நகைக்கிறது. இந்நான்கும் பூங்கா இல்லாமலும் வாய்க்கும், பாட்டால் வாய்க்கும்.

பத்தாண்டுகளில் இவ்வட்டத்தின் மேடையில் குழந்தைப் பாடல்கள் பல அரங்கேறியிருக்கின்றன. நிலவும் கிளியும் அணிலும் அவற்றில் நிறைந்திருக்கின்றன. பூச்சாண்டி மட்டும் இன்னும் சோற்றுக் கிண்ணத்தின் பின்னே மறைந்து நிற்கிறான். அவனை வெளியே அழைத்து, அவனுக்கும் பசிக்கிறது, அவனும் இருட்டுக்கு அஞ்சுகிறான், அவன் மீசை வெறும் கரி என்று பாடுவோர் வேண்டும். அவன் முகமூடியைக் குழந்தையே கழற்றிப் பார்க்கும்படி ஒரு பாட்டு வேண்டும். சயங்கொண்டார் வழியில் வந்த கவிஞர்க்கு அது அரிதன்று. முகமூடிக்குப் பின்னே மனிதமுகம் இருக்கும் என்று ஐந்து வயதில் அறிந்த குழந்தை, வளர்ந்த பின் தெருவில் மிட்டாய் நீட்டும் முதியவளின் முகத்தை ஒருமுறை உற்று நோக்கும்.